சமஸ்கிருதம் மாறவே இல்லையா? உறைந்தது எது, நகர்ந்தது எது

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு தரப்பு மோதிக்கொள்ளும். மூவாயிரம் வருஷமாக ஓர் எழுத்துகூட மாறாத மொழி என்பது ஒரு தரப்பு. செத்த மொழி, செத்தது எப்படி மாறும் என்பது இன்னொரு தரப்பு. வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள்: அது அசையாமல் நிற்கிறது.

அது அப்படி நிற்கவில்லை. சொல்லின் வடிவங்கள் ஒரு கட்டத்தில் உறைந்தன, அது உண்மை. ஆனால் அந்த வடிவங்களில் எதை எடுப்பது, எதை விடுவது, வாக்கியத்தை எப்படிக் கட்டுவது, சொல்லுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் நகர்ந்துகொண்டே இருந்தன. எப்படி என்று அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

முதலில், எந்தச் சமஸ்கிருதம்?

ஒரே பெயரில் பல அடுக்குகள் கிடக்கின்றன. பிரித்துக்கொள்ளாவிட்டால் பேச்சு குழம்பும்.

1. வேத மொழி. இதில் பழையது ரிக் வேதம்: 10 மண்டலங்கள், 1,028 சூக்தங்கள். கி.மு. 1500க்கும் 1000க்கும் இடைப்பட்ட காலம் என்பது அறிஞர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு.
2. இலக்கண ஆசிரியர் பாணினி விவரித்த மொழி. கி.மு. 5 அல்லது 4ஆம் நூற்றாண்டு. அவர் அதைச் ‘சமஸ்கிருதம்’ என்று அழைக்கவில்லை. ‘பாஷா’, அதாவது பேசுவது, அவ்வளவுதான்.
3. இதிகாச மொழி. மகாபாரதத்திலும் ராமாயணத்திலும் பாணினி விதிக்கு ஒத்துவராத வடிவங்கள் நிறைய. உரைகாரர்கள் அவற்றைத் தவறு என்று சொல்லாமல் ‘ஆர்ஷம்’, முனிவர் வழக்கு, என்று மரியாதையாக ஒதுங்கிக்கொண்டார்கள்.
4. காவிய, சாஸ்திர மொழி. காளிதாசன், பாணன், தண்டி, அப்புறம் தத்துவ உரைகள்.
5. இன்றைய வகுப்புகளிலும் வானொலியிலும் கேட்கிற எளிய சமஸ்கிருதம்.

இவை போக, பௌத்தர்கள் எழுதிய கலப்புச் சமஸ்கிருதம் தனிக் கதை. மக்கள் பேச்சு மொழியான பிராகிருதத்துக்குச் சமஸ்கிருதச் சட்டை மாட்டியதுபோல இருக்கும் அது.

ஒரே வரியில் நான்கு இழப்புகள்

ரிக் வேதத்தின் முதல் சூக்தத்திலேயே ஐந்தாவது மந்திரத்தில் ஒரு வரி: “தேவோ தேவேபிர் ஆ கமத்.” தேவன் தேவர்களோடு இங்கே வரட்டும் என்று பொருள். நாலே சொல். காளிதாசன் காலத்தில் ஒருவர் இப்படி எழுதியிருக்க மாட்டார். ஏன்?

1. ‘தேவேபிர்’. தேவர்களோடு என்பதற்கு வேதத்தில் தேவேபிஹி, தேவைஹி என்று இரண்டு வடிவமும் உண்டு. பின்னால் தேவைஹி மட்டும் தங்கியது, மற்றது போயிற்று.

2. ‘ஆ’ என்கிற முன்னொட்டு. பிற்காலத்தில் இது வினையோடு ஒட்டியே வரவேண்டும்: ஆகச்சதி, வருகிறான். வேதத்தில் அது சுதந்திரமாகத் திரியும், வினைக்கும் அதற்கும் நடுவே வேறு சொல் புகுந்துகொள்ளலாம். அதே சூக்தத்தின் இரண்டாவது மந்திரத்தில் ‘ஏஹ வக்ஷதி’ என்று வருகிறது, பிரித்தால் ஆ + இஹ + வக்ஷதி. நடுவில் ‘இஹ’, இங்கே, உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். வேதத்தில் இப்படி விலகி வரலாம் என்று பாணினியே தனியாகக் குறிக்கிறார். அப்படியானால் அவர் காலத்துப் பேச்சில் அது இல்லை என்று அர்த்தம்.

3. ‘கமத்’. இது விருப்பத்தையும் எதிர்பார்ப்பையும் சொல்கிற ஒரு வினைவகை, இலக்கணத்தில் ‘லேட்’ என்பார்கள். ரிக் வேதத்தில் எங்கு திரும்பினாலும் இது கண்ணில் படும். பாணினி இதை வேதத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டார். பிற்காலத்தில் ஒரு முழு வினைவகையே இல்லை.

4. எழுத்தில் தெரியாதது: சுரம். வேத மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு, உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று. அது ஓதுவதற்கான ராகம் மட்டும் இல்லை, பொருளையே மாற்றும். ‘இந்திரசத்ரு’ கதையை, பாணினிக்கு உரை எழுதிய பதஞ்சலி எடுத்துக்காட்டுவார். இந்திரனைக் கொல்லப்போகிற மகன் வேண்டும் என்று துவஷ்டா யாகம் செய்கிறார், சுரத்தை இடம் மாற்றிச் சொல்லிவிடுகிறார், ‘இந்திரனைக் கொல்பவன்’ என்பது ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்று ஆகிவிடுகிறது, பிறந்த மகன் விருத்திரன் சாகிறான். பாணினி காலத்திலும் பேச்சில் சுரம் இருந்தது, அதற்கு விதி எழுதியிருக்கிறார். பின்னர் பேச்சிலிருந்து அது மறைந்தது. இன்று வேத பாராயணத்தில் மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடலாம். முதல் மந்திரம் ‘அக்னிமீளே’ என்று தொடங்குகிறது, நம் ‘ள’ போல. பிற்காலச் சமஸ்கிருதத்தில் அந்த ஒலி இல்லை, அங்கே ‘ஈடே’ என்று ‘ட’ வரும்.

வேதமும் தொடக்கம் இல்லை

இன்றைய வடசிரியாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் ஆண்ட மித்தானி அரசின் ஒப்பந்தம் ஒன்றில், கி.மு. 14ஆம் நூற்றாண்டில், மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் சாட்சியாக அழைக்கப்படுகிறார்கள். அதே நூற்றாண்டைச் சேர்ந்த, கிக்குலி என்ற குதிரைப் பயிற்சியாளரின் குறிப்பில் ஒரு சுற்று என்பதற்கு ‘ஐக வர்தன’ என்று வருகிறது. ஏக இல்லை, ஐக. ரிக் வேதத்தில் ‘ஏக’ ஆகிவிட்டதன் பழைய ஒலி அது.

பள்ளியில் குணசந்தி படித்தவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு அவிழும். மகா + இந்திரன் ஏன் மகேந்திரன் ஆகிறது? அவும் இயும் சேர்ந்தால் ஏ எப்படி வரும்? மனப்பாடம் செய்த விதிதானே. உண்மையில் ஒருகாலத்தில் அ, இ இரண்டும் சேர்ந்து ‘அஇ’ என்றே ஒலித்தன, பிறகு அந்த ஈரொலி ஏகாரமாகச் சுருங்கியது, சந்தி விதி மட்டும் பழைய நிலையின் தடமாக நின்றுவிட்டது. மாறாத இலக்கணம் என்று நினைப்பதற்குள்ளேயே மாற்றத்தின் சுவடு.

ட, ண, ஷ போன்ற நாவளை ஒலிகளும் கவனிக்க வேண்டியவை. நெருங்கிய உறவு மொழியான பழைய ஈரானியத்தில் இவை இல்லை. திராவிட மொழி பேசியவர்களோடு கலந்து வாழ்ந்ததால் இவை வலுப்பெற்றன என்பது பரோ, எமனோ, கைப்பர் போன்ற மொழியியலாளர்களின் வாதம். எல்லோரும் ஏற்கவில்லை, உள்ளே இருந்தே வளர்ந்திருக்கலாம் என்பவர்களும் உண்டு. மீன், நீர் ஆகிய சொற்கள் ‘மீன’, ‘நீர’ என்று வடக்கே போனவை என்பதில் அவ்வளவு சண்டை இல்லை.

பாணினி வேலி போட்டாரா?

காந்தாரத்துச் சலாதுரத்தைச் சேர்ந்தவர் அவர், இன்றைய பாகிஸ்தானின் வடமேற்கு. ஏறத்தாழ 4,000 சூத்திரங்கள். மொழியைக் கட்டிப்போட்டவர் என்று அவரைச் சொல்வது வழக்கம். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. அவர் செய்தது விவரணை. கிழக்கத்தியர் இப்படிச் சொல்வார்கள், வடக்கத்தியர் அப்படிச் சொல்வார்கள் என்று பதிவு செய்கிறார். தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடும்போது பெயரின் கடைசி உயிர் மூன்று மாத்திரைக்கு நீளும் என்று ஒரு விதியே வைக்கிறார், நாம் “தம்பீஇஇ” என்று கத்துகிறோமே அதேதான். தெருவில் கூப்பிடாத மொழிக்கு இந்த விதி எதற்கு?

விவரணையைச் சட்டமாக ஆக்கியது பின்னால் வந்தவர்கள். அப்போதும் மொழி நழுவிக்கொண்டுதான் இருந்தது, நல்லவேளையாக அவர்களே அதை எழுதி வைத்தார்கள். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் பதஞ்சலி எழுதிய மகாபாஷ்யத்திலிருந்து மூன்று காட்சிகள்:

1. ‘ஊஷ’ (தங்கினீர்கள்), ‘சக்ர’ (செய்தீர்கள்) மாதிரி வடிவங்கள் பாணினி விதிப்படி சரி, ஆனால் யாரும் சொல்வதில்லையே என்று ஒரு கேள்வி எழுகிறது. அவற்றுக்குப் பதிலாக மக்கள் ‘உஷிதாஹா’, ‘க்ருதவந்தஹ’ என்கிறார்கள். அதாவது வினைமுற்றுக்குப் பதில், வினையிலிருந்து பிறந்த பெயர். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பகுதியே இதைப் பற்றித்தான்.

2. இலக்கணக்காரர் ஒருவர் “இந்த ரதத்தின் ப்ரவேதா (ஓட்டுபவர்) யார்?” என்று கேட்கிறார். தேரோட்டி, “ஐயா, நான்தான் இதன் ப்ராஜிதா” என்கிறான். அது பிழைச்சொல் என்று இவர் திருத்துகிறார். “உமக்கு விதி தெரியும், வழக்கு தெரியாது” என்று அவன் வாயடைத்துவிடுகிறான். பதஞ்சலி இந்தக் கதையில் தேரோட்டியைத்தான் ஜெயிக்க வைக்கிறார்.

3. பசு என்பதற்குச் சரியான சொல் ‘கௌஹு’ ஒன்றுதான், அதன் திரிபுகளோ காவீ, கோணீ, கோதா, கோபோதலிகா என்று பல என அலுத்துக்கொள்கிறார். வெளியே பிராகிருதங்கள் பொங்கி வழிந்த காலம் அது.

வினை போய்ப் பெயர் வந்தது

மாற்றங்களில் இதுதான் பெரிது. ஆனால் பொதுவெளியில் பேசப்படுவதே இல்லை, ஏனென்றால் இலக்கண நூலை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

‘சென்றான்’ என்பதை எடுத்துக்கொள்வோம். பாணினி மூன்று இறந்தகாலம் தருகிறார். அகமத் என்பது பொதுவான இறந்தகாலம். அகச்சத் என்பது இன்றைக்கு முன் நடந்தது. ஜகாம என்பது இன்றைக்கு முன் நடந்தது மட்டுமல்ல, பேசுபவன் கண்ணால் பார்க்காததும்கூட. அப்படியானால் இந்த மூன்றாவதைத் தன்மையில் எப்படிச் சொல்வது, நான் செய்ததை நானே பார்க்காமல் இருப்பேனா? உரைகாரர்கள் யோசித்து உதாரணம் தந்தார்கள்: தூக்கத்தில் உளறினேனாம், போதையில் உளறினேனாம். ரசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இவ்வளவு நுணுக்கமான வேறுபாடு காவிய காலத்தில் கரைந்துவிட்டது. கவிஞர்கள் யாப்புக்கு எது பொருந்துகிறதோ அதை எடுத்தார்கள். அதைவிட முக்கியம், நான்காவதாக ஒன்று எல்லாவற்றையும் ஓரம்கட்டியது: ‘கதஹ’ அல்லது ‘கதவான்’, சென்றவன். இது வினைமுற்று அல்ல, பெயர். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை எல்லாம் பெயரைப் போலவே ஏற்கும்.

ஏன் இப்படி? இரண்டு காரணம் தெளிவாகத் தெரிகிறது.

1. எழுதியவர்களின் வீட்டுமொழி பிராகிருதம். அங்கே பழைய இறந்தகால வினைமுற்றுகள் பெரும்பாலும் உதிர்ந்து, ‘கதஹ’ மாதிரியான எச்ச வடிவங்களே அவற்றின் இடத்தைப் பிடித்துவிட்டன. வீட்டில் யோசித்த வாக்கியத்துக்கு அவர்கள் சமஸ்கிருதச் சொல் போட்டு எழுதினார்கள். ‘மயா க்ருதம்’, என்னால் செய்யப்பட்டது, என்று எழுதுவது சாதாரண வழக்கானது. இதே கட்டமைப்பின் வாரிசுதான் இந்தியில் ‘மைனே கியா’. இந்தி கற்கும் தமிழர்களைப் பாடாய்ப் படுத்தும் அந்த ‘நே’, செயப்பாட்டு வாக்கியம் செய்வினையாக மாறியதன் மிச்சம்.

2. கற்பது எளிது. தாதுபாடத்தில் ஏறத்தாழ 2,000 வினையடிகள், பத்து லகாரங்கள் (காலமும் வினைவகையும்), இரண்டு பதங்கள் (வினை விகுதி வரிசைகள்), மூன்று எண்கள் (ஒருமை, இருமை, பன்மை). தாய்ப்பாலோடு வராமல் குருவிடம் கற்கிற மொழியில் இது மலை. பெயருக்கான உருபுகளை ஏற்கெனவே படித்திருப்பார்கள், அதையே இங்கும் போட்டால் வேலை முடிந்தது.

வினை சுருங்கியதும் தொகை, அதாவது கூட்டுச்சொல், வீங்கியது. வேதத்தில் கூட்டுச்சொல் பெரும்பாலும் இரண்டு உறுப்பு, மூன்று வந்தாலே அபூர்வம். 7ஆம் நூற்றாண்டுப் பாணனின் உரைநடையில் ஒரே தொகை பல வரிகளுக்கு ஓடும், வேற்றுமை உருபு கடைசியில் ஒன்றே ஒன்று. காஞ்சிப் பல்லவர் அவையோடு தொடர்புடைய தண்டி, தொகை மிகுந்து வருவதே ‘ஓஜஸ்’, அதுவே உரைநடையின் உயிர் என்று இலக்கணமே வகுத்துவிட்டார். அவர் நூலின் வழிவந்த தமிழ்த் தண்டியலங்காரம் நமக்குத் தெரிந்ததுதான். ரிக் வேதப் புலவர் ஒருவர் எழுந்து வந்து பாணனைப் படித்தால் சொல்லெல்லாம் தெரிந்ததுபோல இருக்கும், வாக்கியம் மட்டும் பிடிபடாது.

செய்து என்பது போன்ற வினையெச்சங்களை (க்ருத்வா, கத்வா) அடுக்கிக் கதை சொல்வதும், பேச்சின் முடிவில் ‘இதி’, என்று, போடுவதும் காலம் போகப் போகக் கூடியிருக்கிறது. தமிழ் வாக்கியத்துக்கு இது எவ்வளவு பக்கம் என்று சொல்லத் தேவையில்லை.

யார் பேசினார்கள், எங்கே

இதைச் சுருக்கமாக. அசோகரின் கல்வெட்டுகள் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் பிராகிருதத்தில் இருக்கின்றன, சமஸ்கிருதத்தில் அல்ல. அரசனைப் புகழும் நீண்ட சமஸ்கிருதக் கல்வெட்டு வருவது ஜூனாகட்டில், ருத்ரதாமன் பெயரில், கி.பி. 150 வாக்கில். அந்த ருத்ரதாமன், வெளியிலிருந்து வந்த சகர்களின் வம்சத்தவர். பல்லவர்களின் ஆரம்பச் செப்பேடுகளும் பிராகிருதம்தான். பிறகு சமஸ்கிருதம், அப்புறம் பள்ளன்கோயில் செப்பேட்டில் 6ஆம் நூற்றாண்டில் சமஸ்கிருதமும் தமிழும் சேர்ந்து. யாகசாலையிலிருந்து அரசவைக்கு நகர்ந்த மொழி இது. கடல் கடந்து போர்னியோ, கம்போடியா வரை போனதும் இந்தப் புது வேஷத்தில்தான்.

நாடகங்களில் ராஜா சமஸ்கிருதம் பேசுவார், ராணியும் வேலையாட்களும் பிராகிருதம் பேசுவார்கள். ராமாயணத்தில் அசோகவனத்து மரத்தில் உட்கார்ந்திருக்கும் அனுமன் யோசிக்கிறான்: அந்தணனைப் போலச் ‘சமஸ்கிருத’ வாக்கில் பேசினால் ராவணன்தான் வந்திருக்கிறான் என்று சீதை பயந்துவிடுவாளே. சாதாரண மனுஷர் பேச்சு அதற்கு வேறாக இருந்ததை அந்த ஒரு தயக்கமே காட்டிவிடுகிறது.

அதே சொல், வேறு பொருள்

வடிவம் உறையலாம், பொருளை யாரும் உறைய வைக்க முடியவில்லை.

1. அசுரன்: ரிக் வேதத்தில் வருணன் போன்ற தேவர்களுக்கே அடைமொழி. பின்னால் தேவர்களின் எதிரி. அதோடு விடவில்லை, அ + சுரன் என்று தவறாகப் பிரித்து, ‘சுரன்’ என்றால் தேவன் என்று புதுச் சொல்லே உண்டாக்கிவிட்டார்கள்.
2. மிருகம்: வேதத்தில் எந்தக் காட்டு விலங்கும். யானையை ‘கையுடைய மிருகம்’ என்று சொல்கிற இடம் உண்டு. பின்னால் பெரும்பாலும் மான். தமிழில் நாம் பழைய பொருளிலேயே நிற்கிறோம்.
3. தேவானாம்பிரிய: தேவர்களுக்குப் பிரியமானவன், அசோகர் பெருமையோடு தனக்குப் போட்டுக்கொண்ட பட்டம். பிற்கால இலக்கணக்காரர்களிடம் இதற்கு முட்டாள் என்று அர்த்தம்.
4. அவசரம்: சமஸ்கிருதத்தில் தக்க தருணம், இந்தியிலும் வாய்ப்பு. நமக்கோ பரபரப்பு. உபன்யாசம் தமிழில் கோயில் மண்டபத்தில் நடக்கும், இந்தியில் அது நாவல்.

இப்படி ஒவ்வொரு சொல்லும் எந்தக் காலத்தில் எந்தப் பொருளில் வந்தது என்று காட்டும் வரலாற்று முறை அகராதி ஒன்றைப் புனே டெக்கான் கல்லூரியில் 1948இல் காத்ரே தொடங்கினார். சுமார் 1,500 நூல்களிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி சீட்டு எழுதினார்கள். தொகுதி தொகுதியாக வெளிவந்தும் இன்னும் முதல் எழுத்தான ‘அ’வைத் தாண்டவில்லை.

இதனால் என்ன ஆகிறது?

1. சமஸ்கிருதம் படித்தால் வேதம் புரிந்துவிடும் என்பது சரியல்ல. வேதத்தின் பல சொற்களுக்குப் பொருள் தேடி யாஸ்கர் நிருக்தம் எழுதவேண்டி வந்தது. மந்திரங்களுக்குப் பொருளே கிடையாது என்று கௌத்சர் என்பவர் வாதிட்டதை அந்த நூலே பதிவு செய்து மறுக்கிறது. கிறிஸ்துவுக்குப் பல நூற்றாண்டு முன்பே நிலைமை அது.
2. நூல்களுக்குக் காலம் குறிப்பதற்கு இந்த மாற்றங்கள்தான் ஒரு முக்கியமான பிடி. ‘லேட்’ நிறைய வந்தால் ஒரு காலம், எச்சமும் நீண்ட தொகையும் வந்தால் இன்னொரு காலம்.
3. ‘மாறாத உச்சரிப்பு’ என்பது வேத பாராயணத்துக்கு ஓரளவு பொருந்தும், மொழிக்குப் பொருந்தாது. ஞானம் என்பதை இந்திக்காரர் ‘க்யான்’ என்பார், மராத்திக்காரர் ‘த்ன்யான்’ என்பார். ரிக், ருக் என்று நாமே இரண்டு விதமாகச் சொல்கிறோம்.

இன்றைக்கு நடக்கும் மாற்றம்

2001 கணக்கெடுப்பில் சமஸ்கிருதத்தைத் தாய்மொழி என்றவர்கள் 14,135 பேர், 2011இல் 24,821. இது வீட்டில் பேசுவோர் கணக்கா, பற்றின் கணக்கா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் மைசூரிலிருந்து ‘சுதர்மா’ நாளிதழ் 1970இல் தொடங்கியது, அகில இந்திய வானொலியின் சமஸ்கிருதச் செய்தி 1974இல். அன்றாடச் செய்தியைச் சொல்லவேண்டும் என்றால் மொழி நகர்ந்தே ஆகவேண்டும். தொலைபேசிக்கு தூரவாணீ, கணினிக்கு சங்கணகம் என்று சொற்கள் பிறந்தன.

பேச்சுப் பயிற்சி வகுப்புகளில் ‘அகச்சத்’ பின்தள்ளப்பட்டு ‘கதவான்’ முன்னால் நிற்கிறது, பதஞ்சலி காலத்து ஆட்கள் செய்த அதே தேர்வு. இருமை எண்ணும் அப்படித்தான். இரண்டு பொருளுக்கென்றே தனி உருபு சமஸ்கிருதத்தில் உண்டு: ‘புஸ்தகே ஸ்தஹ’, இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. பிராகிருதங்கள் இதை இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே கைகழுவிவிட்டன, இலக்கண நூல்கள் மட்டும் காப்பாற்றி வைத்திருந்தன. இப்போது எளிய சமஸ்கிருத வகுப்பில் அதைத் தொடாமலே கடக்க ஒரு வழி சொல்லித் தருகிறார்கள்: ‘புஸ்தகத்வயம் அஸ்தி’, புத்தக இரட்டை இருக்கிறது. விதி எதுவும் மீறப்படவில்லை. இருமை மட்டும் வாக்கியத்தில் இல்லை.